பரு க்ரீம் முகத்தைப் பதம் பார்த்தால்: அறிகுறி வாரியாக என்ன செய்வது

பருவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம் முகத்தை எரிக்கும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. நல்ல பலன் தரக்கூடிய மருந்தைப் பயந்துபோய் மூன்றாம் நாளே தூக்கிப் போடுகிறார்கள். இல்லையென்றால், உடனே நிறுத்த வேண்டிய மருந்தை "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பூசுகிறார்கள். இந்த இரண்டையும் தவிர்க்க, தோலில் தெரிவது எரிச்சலா, ஒவ்வாமையா, வேறு நோயா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்த வழிமுறை.

இவை இருந்தால் மேலே படிக்காதீர்கள், அவசர சிகிச்சைக்குப் போங்கள்

தொண்டை இறுகுவது, மூச்சுத் திணறல், மயக்கம், கண், உதடு, நாக்கு வீங்குவது, பூசாத இடத்திலும் தடிப்புத் தடிப்பாக எழும்புவது. பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் இரண்டும் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சாதாரணப் பொருள்கள்தான். ஆனாலும் இவை உள்ள தயாரிப்புகள் அரிதாக இப்படி உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. பூசிய சில நிமிடங்களிலும் வரலாம், ஒரு நாள் கழித்தும் வரலாம். கிளம்பும்போது டியூபைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தை மறுபடி முகத்தில் வைக்கவே கூடாது.

பருவுக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான டாப்சோன் ஜெல்லைப் பூசுபவருக்கு உதடும் நகக்கண்ணும் நீலம் அல்லது சாம்பல் நிறமாவது, காரணமில்லாத மூச்சு வாங்கல், சிறுநீர் கறுத்துப் போவது, முதுகுவலி, கடுமையான சோர்வு, கண் மஞ்சளாவது ஆகியவையும் அவசரம்தான். ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறைவதாலோ, சிவப்பணுக்கள் உடைவதாலோ இது நேரும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருந்தால் டாப்சோனைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முதலில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

டியூபில் என்ன மருந்து இருக்கிறது? பிராண்டின் பெயர் போதாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள். ட்ரெட்டினாயின் 0.025, 0.05, 0.1 சதவீதத்தில் வருகிறது. அடாபலீன் 0.1, 0.3. டாசரோட்டீன் 0.05, 0.1. இவை ரெட்டினாய்டு வகை. பென்சாயில் பெராக்சைடு 2.5 முதல் 10 வரை. ஆன்டிபயாடிக்கான கிளிண்டாமைசின் 1. அசலாயிக் அமிலம் 15 அல்லது 20. ஒரே டியூபில் இரண்டு மருந்து கலந்திருப்பதும் சாதாரணம். க்ரீமா ஜெல்லா என்பதும் முக்கியம். சதவீதம் ஒன்றாகவே இருந்தாலும், ஆல்கஹால் கலந்த ஜெல் க்ரீமைவிடக் கூடுதலாக எரிக்கும்.

எப்போது தொடங்கியது? பூசிய நிமிடமா, மூன்றாம் நாளா, மூன்றாம் மாதமா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். எரிகிறதா, அரிக்கிறதா? எரிச்சல், காந்தல், இழுத்துப் பிடித்தது போன்ற உணர்வு, தவிடு போல உரிவது ஆகியவை மருந்தின் வீரியம் தோலுக்கு அதிகமாகிவிட்டதைக் காட்டும். அளவைக் குறைத்தால் அடங்கும். சொறியத் தூண்டும் அரிப்பு, வீக்கம், நீர் கோத்த சிறு கொப்புளம் ஆகியவை ஒவ்வாமையின் பக்கம் சாய்பவை. அங்கே அளவைக் குறைத்துப் பயனில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டே கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

முகம் வறண்டு, எரிந்து, தோல் உரிகிறது

ரெட்டினாய்டு தொடங்கிய முதல் இரண்டு வாரம் இது உச்சத்தில் இருக்கும். நாலாவது வாரம் நெருங்கும்போது பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். தோலின் மேலடுக்கு வழக்கத்தைவிட வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால், வெளியே இருக்கும் காவல் அடுக்கு சில வாரங்களுக்கு மெலிந்து, தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் போகிறது. அதனால் இது வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் "தாங்கிக்கொள்ள முடியாத அளவு" என்பது மருந்தின் குணமல்ல, பெரும்பாலும் பூசும் முறையின் குணம். நாலு இடத்தில் தவறு நடக்கும்.

ஒன்று, அளவு. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும், ஏறக்குறைய கால் கிராம். நெற்றியில் ஒரு பொட்டு, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று என வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். சரியாகப் பூசுகிறீர்களா என்பதை டியூபே காட்டிவிடும். 20 கிராம் டியூப் தினமும் பூசினாலும் இரண்டு மாதத்துக்கு மேல் வர வேண்டும். மூன்று வாரத்தில் பிதுக்கித் தீர்ந்துவிட்டால், தேவையைப் போல மூன்று நாலு மடங்கு பூசியிருக்கிறீர்கள். பருவின் மேல் மட்டும் திட்டாக வைப்பதும் தவறு. ரெட்டினாய்டு இனி வரப்போகிற பருவைத் தடுக்கும் மருந்து. பரு வரும் பகுதி முழுக்க மெல்லிய படலமாகப் போக வேண்டும்.

இரண்டு, ஈரம். முகம் கழுவிய கையோடு பூசினால் ஈரத்தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும். துடைத்துவிட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள்.

மூன்று, வேகம். முதல் நாளே தினமும் பூசத் தொடங்குவது. மூன்று இரவுக்கு ஒரு முறை என்று இரண்டு வாரம், ஒன்றுவிட்டு ஒரு இரவு என்று இரண்டு வாரம், பிறகு தினமும் என்று ஏறினால் பெரும்பாலான தோல் பழகிவிடும். தினமும் தாங்காதவர்கள் ஒன்றுவிட்டு ஒரு இரவிலேயே நின்றுகொள்ளலாம், பலன் கிடைக்கும்.

நாலு, கூட்டாளிகள். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் வெளியே வரும். அதே வாரத்தில் சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், கிளைகாலிக் டோனர், ஸ்க்ரப், வைட்டமின் சி சீரம் என்று என்னென்னவோ ஓடிக்கொண்டிருக்கும். பழி மட்டும் க்ரீம் மேல் விழும். ரெட்டினாய்டு பழகும் வரை இவை எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிடுங்கள். நுரை குறைவான, வாசனை இல்லாத க்ளென்சர், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், காலையில் சன்ஸ்க்ரீன். அவ்வளவுதான்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் எரிந்தால் மாய்ஸ்சரைசரை முதலில் பூசி, அதன் மேல் மருந்து, அதற்கு மேல் மறுபடி மாய்ஸ்சரைசர் என்று அடுக்கலாம். அல்லது மருந்தைப் பூசி 30 முதல் 60 நிமிடத்தில் கழுவிவிடலாம். மூக்கின் ஓரம், வாயின் இரு மூலைகள், கண்ணுக்குக் கீழே ஆகிய இடங்களில் தோல் மெல்லியது, மருந்தும் அங்கே வழிந்து தேங்கும். வாய் மூலையில் வெடிப்பு வந்து, வாயைத் திறந்தால் வலிக்கிறது என்பவர்கள் மருந்துக்கு முன்பே அந்த இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லத் தடவிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நிறம் அடர்ந்த தோலில் "சிவப்பு" என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். அங்கே அழற்சி பழுப்பாகவோ, ஊதா கலந்த சாம்பலாகவோதான் தெரியும். கன்னத்தின் பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி நின்று பாருங்கள். தோல் மினுமினுவென்று இறுக்கமாக, மெழுகு தடவியது போலத் தெரிந்து, சிரிக்கும்போது நுண்ணிய கோடுகள் விழுந்தால், நிறம் மாறாவிட்டாலும் அந்தத் தோல் எரிச்சலில்தான் இருக்கிறது.

வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது; மாய்ஸ்சரைசர்கூடத் தாங்கவில்லை

இது மேலே சொன்னதன் அடுத்த கட்டம். காவல் அடுக்கு உடைந்துவிட்டது. இப்போது எதைப் பூசினாலும் எரியும். அதனால் புதிது புதிதாக க்ரீம் மாற்றிப் பார்ப்பது வீண்.

மருந்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காலையில் வெறும் தண்ணீர், இரவில் மட்டும் க்ளென்சர். வெந்நீர் வேண்டாம். முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே வாசனை இல்லாத கெட்டியான மாய்ஸ்சரைசர், அதுவும் எரிந்தால் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. மூன்று நாளில் காந்தல் குறையத் தொடங்க வேண்டும், ஒரு வாரத்தில் தண்ணீர் எரியாமல் இருக்க வேண்டும். எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் கூடுதலாகப் பொறுத்து, மூன்று இரவுக்கு ஒரு முறை என்று முதலிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது முறையும் இதே கதை என்றால் டாக்டரிடம் சதவீதத்தைக் குறைக்கவோ, ஜெல்லிலிருந்து க்ரீமுக்கு மாற்றவோ, ட்ரெட்டினாயினுக்குப் பதில் அடாபலீன் தரவோ கேளுங்கள். பொதுவாக அடாபலீனைத் தோல் எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

கசிவு, மஞ்சள் பொருக்கு, வலி, காய்ச்சல் இருந்தால் தோலில் கிருமி புகுந்திருக்கலாம். காத்திருக்க வேண்டாம். தோல் அரிப்பு நோயான எக்சிமா முகத்தில் இருப்பவர்கள், அது அடங்கும் வரை ரெட்டினாய்டைத் தொடவே கூடாது.

பல மாதம் நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று எரிகிறது

மருந்து மாறவில்லை என்றால் சுற்றியிருப்பது மாறியிருக்கிறது. குளிர்காலம், ஏசி அறை, புது ஃபேஸ்வாஷ், புது ஷேவிங் ஜெல், முகத்தில் ப்ளீச் அல்லது பீல் (அமிலம் வைத்துத் தோலை உரிப்பது) செய்தது, டியூப் தீர்ந்து வாங்கியபோது 0.025க்குப் பதில் 0.05 வந்தது, க்ரீமுக்குப் பதில் ஜெல் வந்தது. கடைசியாகச் சொன்ன இரண்டும் மிகச் சாதாரணமாக நடக்கும். பழைய டியூபையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எதுவும் மாறவில்லை, எரிச்சலோடு அரிப்பும் சேர்ந்திருக்கிறது என்றால் ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். பல மாதம் ஒத்துப்போன பொருளுக்கும் திடீரென்று ஒவ்வாமை உருவாகும்.

க்ரீம் தொடங்கிய பிறகு பரு கூடிவிட்டது

ரெட்டினாய்டில் இது உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் துவாரங்களுக்குள் அடைபட்டிருக்கும் நுண்பருக்கள், தோல் வேகமாகப் புதுப்பிக்கப்படும்போது சீக்கிரம் மேலே வந்துவிடுகின்றன. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை இது நடக்கலாம். வழக்கமாகப் பரு வரும் அதே இடத்தில், சின்னதாக வந்து, வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆறிவிடும் என்றால் தொடர்ந்து பூசுங்கள். கிள்ளாதீர்கள், வீரியத்தைக் கூட்டாதீர்கள். மருந்தின் உண்மையான பலனை எடைபோட 8 முதல் 12 வாரம் வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதக் கூடாது. இதுவரை பரு வராத இடத்தில் வருகிறது, ஆழமாகக் கட்டி போல வலிக்கிறது, தழும்பு விழுகிறது, 12 வாரம் கழிந்தும் குறையவில்லை என்றால் அது "வெளியே தள்ளுவது" அல்ல. மருந்து போதவில்லை, அல்லது மாய்ஸ்சரைசரோ, சன்ஸ்க்ரீனோ, தலைக்குத் தடவும் எண்ணெயோ துவாரத்தை அடைக்கிறது. தழும்பு விழும் பருவுக்கு 12 வாரம்கூடப் பொறுக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். கிளிண்டாமைசின் மட்டும் பூசுபவர்களுக்கு இந்த விளக்கம் பொருந்தவே பொருந்தாது. அந்த மருந்து தோலைப் புதுப்பிப்பதில்லை, அதனால் பருவை வெளியே தள்ளவும் செய்யாது.

தாங்க முடியாத அரிப்பு, கண்ணிமை வீக்கம், பொடிக் கொப்புளம்

இங்கேதான் பல்லைக் கடித்துக்கொண்டு பூசுவது ஆபத்து. பூசி ஒன்று முதல் மூன்று நாளில் அரிப்பு தொடங்கும். காலையில் எழுந்தால் கண்ணிமை உப்பியிருக்கும். இமையின் தோல் மிக மெல்லியது. அங்கே மருந்தே பூசாவிட்டாலும் விரல் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். தடிப்பு பூசிய எல்லையைத் தாண்டிக் கழுத்து, காது வரை பரவும். பரு க்ரீம்களில் இதற்கு அதிகம் பேசப்படுவது பென்சாயில் பெராக்சைடு. மருந்தே காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. க்ரீமின் அடிப்பொருளான புரோப்பிலீன் கிளைகாலோ, கெடாமல் காக்கும் பொருளோ, வாசனையோ காரணமாகலாம். அதனால்தான் சிலருக்கு மருந்தின் பெயர் வேறானாலும் அதே தொல்லை திரும்ப வருகிறது.

செய்ய வேண்டியது: முகத்தில் பூசும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை ஒரு நாளில் மூன்று நாலு முறை பத்துப் பத்து நிமிடம் முகத்தில் போட்டு எடுங்கள். மேலே பெட்ரோலியம் ஜெல்லி. வீட்டில் இருக்கிறதே என்று ஸ்டீராய்டு க்ரீமை நீங்களாக எடுத்துப் பூசாதீர்கள். எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எது காரணம் என்று அறிய பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. நீர்த்த அளவில் மருந்துகளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். டியூபிலிருந்து அப்படியே எடுத்து மூடி ஒட்டினால் ரெட்டினாய்டும் பென்சாயில் பெராக்சைடும் யாருக்குமே எரிச்சலைக் காட்டிவிடும். ஆகவே இதை வீட்டில் செய்து பார்த்து முடிவுக்கு வர முடியாது. வீட்டில் செய்யக்கூடியது, புது மருந்தை முகம் முழுக்க இழுக்கும் முன் பரு உள்ள ஒன்றிரண்டு சிறு இடத்தில் மட்டும் மூன்று நாள் கொஞ்சமாகப் பூசிப் பார்ப்பது. ஏற்கெனவே வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்த மருந்துக்கு இந்தச் சோதனையும் கூடாது.

ஒரு விதிவிலக்கு: அசலாயிக் அமிலம். பூசிய சில நிமிடங்களில் ஊசி குத்துவது போல அரித்து, அரை மணிக்குள் தானாக நின்றுவிட்டால் அது அந்த மருந்தின் வழக்கமான குணம். சில வாரத்தில் குறையும். வீக்கமும் தடிப்பும் சேர்ந்தால்தான் கவலை. ஆஸ்துமா உள்ளவர்கள் இதைப் பூசிய பிறகு இழுப்பு கூடுவதாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

முகம் கறுத்துவிட்டது, அல்லது திட்டாக வெளுத்துவிட்டது

நிறம் அடர்ந்த தோலில் மக்களை அதிகம் கலங்கடிப்பது இதுதான், பருவைவிடவும். க்ரீம் நேரடியாகக் கறுக்க வைப்பதில்லை. எரிச்சல் கறுக்க வைக்கிறது. அழற்சி எங்கே இருந்ததோ அங்கே நிறமி கூடுதலாகச் சேர்ந்துவிடும். வாயைச் சுற்றியும் மூக்கோரத்திலும் கருமை படர்ந்தால் மருந்து அங்கே தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கருமை மறைய மாதக்கணக்கில் ஆகும், ஆனால் மறையும். முதல் வேலை எரிச்சலை நிறுத்துவது, இரண்டாவது தினமும் சன்ஸ்க்ரீன். கருமையைப் போக்கும் அவசரத்தில் வீரியத்தைக் கூட்டுவதோ, பீல் செய்வதோ எரிகிற இடத்தை மேலும் எரிப்பதாகத்தான் முடியும். எரிச்சல் அடங்கிய பிறகு அசலாயிக் அமிலத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பருவுக்கும் ஆகும், தழும்பின் கருமைக்கும் ஆகும்.

வெளுப்பு அரிது. தோல் உரிந்து புதுத்தோல் தெரிவதால் சில நாள் வெளிறித் தெரிவது வேறு. ஓரம் தெளிவாகத் தெரியும் வெள்ளைத் திட்டு விழுந்தால் மருந்தை நிறுத்திக் காட்ட வேண்டும்.

கொஞ்ச நேரம் வெயிலில் நின்றதற்கே முகம் வெந்துவிட்டது

ரெட்டினாய்டால் தோலின் மேலடுக்கு மெலிந்திருப்பதுதான் காரணம். கூடவே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், அந்த மாத்திரையே வெயிலைத் தாங்கவிடாது. தோல் முழுதாக ஆறும் வரை ரெட்டினாய்டை நிறுத்தி வையுங்கள். மற்ற நாள்களில் அதை இரவில் பூசி, காலையில் குறைந்தது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் போடுங்கள். வெளியே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு முறை மறுபடி.

ஒரே அளவில் பொடிப்பொடியாக அரிக்கும் பரு. அல்லது மூக்கைச் சுற்றித் திடீர்ச் சீழ்ப்பரு

ஆன்டிபயாடிக் க்ரீமோ மாத்திரையோ பல வாரம் ஓடிய பிறகு வந்தால், இது பழைய பருவே அல்ல. நெற்றி, முடியோரம், மார்பு, முதுகில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலச் சிறு பரு, அரிப்பு, கரும்புள்ளியே இல்லை என்றால் ஈஸ்ட் வகைப் பூஞ்சை மயிர்க்காலில் பெருகியிருக்கலாம். ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்தால் கூடும், பூஞ்சை மருந்துக்கு அடங்கும். மூக்கு, வாய், தாடையைச் சுற்றித் திடீரென்று மஞ்சள் சீழ்ப்பருக்கள் கிளம்பினால், ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத வேறு வகை பாக்டீரியா இடம் பிடித்திருக்கலாம். சீழை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

கிளிண்டாமைசினையோ எரித்ரோமைசினையோ தனியாக மாதக்கணக்கில் பூசக் கூடாது என்பது இதனால்தான். பருக்கிருமி பழகிக்கொள்ளும், முதல் மாதம் கேட்ட மருந்து நாலாம் மாதம் கேட்காது. பென்சாயில் பெராக்சைடு சேர்ந்தால் அந்தப் பழக்கம் தடைபடும். ஏறக்குறைய 12 வாரத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா என்று பேசிவிடுங்கள்.

முதல் வாரமே முகம் பளபளத்தது. நிறுத்தினால் பல மடங்கு திரும்புகிறது

உடனே டியூபைத் திருப்பிப் படியுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டாசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா? இவை ஸ்டீராய்டு. ஸ்டீராய்டை ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்கும் மருந்து, ட்ரெட்டினாயின் இரண்டோடும் சேர்த்து மங்குக்குத் தரப்படும் கலவை க்ரீமைத் தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று பருவுக்குப் பூசுபவர்கள் மிகப் பலர். சிவப்பையும் வீக்கத்தையும் ஸ்டீராய்டு உடனே அமுக்கிவிடும், அதனால் மருந்து அற்புதமாக வேலை செய்வது போல இருக்கும். சில வாரம், சில மாதம் போனால் தோல் மெலியும், கன்னத்தில் நூல் போல ரத்தக்குழாய் தெரியும், பூனைமுடி வளரும், வெயிலோ அடுப்புச் சூடோ பட்டால் முகம் ஜிவுஜிவு என்று ஆகும், புதிதாக ஒரே மாதிரிப் பரு கிளம்பும். வாயைச் சுற்றிப் பொடிப்பரு வந்து, உதட்டை ஒட்டி மட்டும் ஒரு மெல்லிய வளையம் சுத்தமாக இருந்தால் அதுவும் பெரும்பாலும் இதன் விளைவுதான்.

நிறுத்தினால் சில நாளில் எல்லாம் கொதித்துக்கொண்டு வரும். பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார்கள், அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் பூசியவர்கள் தோல் மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, எப்படிப் படிப்படியாக விடுவது, இடையில் என்ன மருந்து என்று கேட்டு விட வேண்டும். சரியாகப் பல மாதம் ஆகலாம்.

துணி வெளுத்தது, புருவம் செம்பட்டையானது, தோல் மஞ்சளானது

பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும். தலையணை உறை, துண்டு, சட்டைக் கழுத்துப்பட்டை, தாடி, புருவம், முன்நெற்றி முடி எதுவும் தப்பாது. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை வைத்துக்கொள்ளுங்கள், பூசியதும் கையைச் சோப்பால் கழுவுங்கள், முதுகில் பூசினால் நன்றாகக் காய்ந்த பிறகே சட்டை போடுங்கள். வெளுத்த துணி திரும்பாது, முடி வளர்ந்துதான் மாறும். இதுவே தொல்லை என்றால் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிடும் வாஷ் வடிவில் கேளுங்கள்.

டாப்சோன் ஜெல்லும் பென்சாயில் பெராக்சைடும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பட்டால் தோலும் முகத்து முடியும் தற்காலிகமாக மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமாகும். பதிவான நிகழ்வுகளில் 4 முதல் 57 நாளுக்குள் மறைந்திருக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் பூச வேண்டாம். ட்ரெட்டினாயினையும் பென்சாயில் பெராக்சைடோடு ஒரே நேரத்தில் பூசினால் வெளிச்சத்தில் ட்ரெட்டினாயின் சிதைந்து வீணாகும். ஒன்று காலை, மற்றது இரவு. அடாபலீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, இரண்டும் ஒரே டியூபிலேயே வருகின்றன.

வாக்ஸிங் செய்த இடத்தில் தோலே பிய்ந்துவிட்டது

ரெட்டினாய்டு பூசும் முகத்தில் வாக்ஸ் போடக் கூடாது. முடியோடு மேல்தோலும் வரும், பிறகு கறுக்கும். உதட்டுக்கு மேலும் புருவத்திலும் நூல் போடுவதும் சிலருக்கு உரிந்துவிடும். கட்டாயம் செய்ய வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே மருந்தை நிறுத்திக் கேட்டுச் செய்யுங்கள். பிய்ந்த இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி, ஆறும் வரை மருந்து வேண்டாம்.

முகத்தில் பூசும் மருந்துக்கு வயிற்றுப்போக்கா?

கிளிண்டாமைசின் என்றால், ஆம், மிக அரிதாக. தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும். குடல் கிருமிகளின் சமநிலை குலைந்து பெருங்குடல் புண்ணாகலாம். தண்ணீராகப் பலமுறை போவது, ரத்தம், சளி, கடும் வயிற்றுவலி, காய்ச்சல் இருந்தால் க்ரீமை நிறுத்தி அன்றே டாக்டரைப் பாருங்கள், முகத்துக்குக் கிளிண்டாமைசின் பூசுவதையும் சொல்லுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடக் கூடாது. குடல் அழற்சி நோய் முன்பே இருந்தவர்களுக்கு இந்த மருந்தே வேண்டாம்.

பூசிக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் என்று தெரிந்தது

ரெட்டினாய்டை அன்றே நிறுத்துங்கள். டாசரோட்டீன் கர்ப்பத்தில் முற்றிலும் விலக்கப்பட்டது. ட்ரெட்டினாயின், அடாபலீன், ட்ரைஃபரோட்டீன் ஆகியவை தோல் வழியாக மிகக் குறைவாகவே உள்ளே போகும் என்றாலும் தவிர்க்கப்படுகின்றன. தெரியாமல் சில வாரம் பூசியதற்காகக் கலங்கி நீங்களாக எந்த முடிவும் எடுக்க வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு நாள் என்று மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அசலாயிக் அமிலம், பூசும் கிளிண்டாமைசின், பென்சாயில் பெராக்சைடு ஆகியவை கர்ப்பக் காலத்தில் பொதுவாக ஏற்கப்படுபவை.

டியூபை எங்கே வைக்கிறீர்கள்?

சூடான குளியலறையிலும் காரிலும் வைத்த மருந்து வீரியம் இழக்கும். பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதைந்தால் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் உருவாகும். 2025 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய 95 தயாரிப்புகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. பத்தில் ஒன்பதுக்கு மேல் பென்சீன் தென்படவில்லை அல்லது மிகக் குறைவாக இருந்தது. அளவு கூடியிருந்த சில தயாரிப்புகள் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள், காலாவதியானதைப் பூசாதீர்கள். கிளிண்டாமைசினும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த டியூபை, அட்டையில் காலாவதித் தேதி தூரத்தில் இருந்தாலும், வாங்கிய சில மாதத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் குறிப்புத்தாளில் எத்தனை நாள் என்று போட்டிருப்பார்கள்.

டாக்டரிடம் போகும்போது

முகத்திலும் தலையிலும் தடவும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், ஷாம்பூ உட்பட. மோசமாக இருந்த நாளில் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல், முன்னாலும் இரு பக்கமும் எடுத்த படம் வேண்டும். அன்று காலை மேக்கப் வேண்டாம். எந்த நாள் தொடங்கினீர்கள், வாரத்தில் எத்தனை இரவு பூசினீர்கள், எந்த நாள் நிறுத்தினீர்கள், நிறுத்திய பிறகு எத்தனை நாளில் குறைந்தது என்ற நாலு வரியைக் கைபேசியில் குறித்து வைத்திருந்தால், எரிச்சலா ஒவ்வாமையா என்பதைப் பாதி அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.